ஐ.சி.எஃப் வரட்டும், இன்னொரு படிவமாக வேண்டாம்

மறுவாழ்வுப் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். ஒருவரால் அன்றாட வாழ்வில் எதைச் செய்ய முடிகிறது, எதில் சிரமம் என்பதைக் குறியீடுகளாகப் பதியும் உலக சுகாதார நிறுவனத்தின் செயல்பாட்டு வகைப்பாடான ஐ.சி.எஃப்-ஐக் கையாளச் சொல்லி உத்தரவு வரும்போதெல்லாம் எங்கள் குழுக்களில் முணுமுணுப்பு எழுகிறது. அதற்குச் சோம்பல் காரணமில்லை.

பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த ஒரு பெரியவர் எங்கள் பயிற்சிக் கூடத்தில் கைத்தடிகூட இல்லாமல் மெல்ல நடந்து காட்டினார். 'நல்ல முன்னேற்றம்' என்று குறித்துக்கொண்டேன். அதே வாரம் அவருடைய மகள் பேச்சுப் பயிற்சியாளரிடம், வீட்டில் அப்பா கட்டிலைவிட்டு இறங்குவதே அரிது, கழிப்பறை வாசலில் உயரமான படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லி அழுதிருக்கிறார். அந்தச் செய்தி வேறொரு குறிப்பேட்டில் கிடந்தது. நான் அதைப் படித்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது.

ஐ.சி.எஃப்-இல் இதை 'டி450.31' என்று எழுதியிருப்போம். டி450 என்பது நடத்தல். புள்ளிக்குப் பின்வரும் 3, அன்றாட வாழ்வில் அவர் படும் கடும் சிரமம். அடுத்த 1, உதவியின்றி நடக்கும் திறனில் உள்ள லேசான சிரமம். நடக்க முடிந்தவர் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி அந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே எழும். அந்தப் படியைப் பதிவுசெய்யவும் சூழல் காரணிகளில் இடம் உண்டு. இதற்காகவே எனக்கு இந்த முறை வேண்டும். 1980-இல் வந்த பழைய வகைப்பாட்டில் சூழலுக்கு இப்படித் தனிப் பட்டியல் கிடையாது. 2001-இல் ஏற்கப்பட்ட இதில்தான் அது வந்தது.

ஆனால் எங்களிடம் அது வந்துசேரும் விதம் வேறு. மொத்தம் 1,400-க்கும் மேற்பட்ட வகைகள். பழைய மதிப்பீட்டுத் தாள்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. நோயாளி வீடு திரும்பும் நாளில், குழுவிலேயே இளையவர் தனியாக உட்கார்ந்து குறியீடுகளை நிரப்புகிறார். நானும் அப்படி நிரப்பியிருக்கிறேன். அதை யாரும் திரும்பப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொரு அச்சமும் உண்டு. கடும் சிரமம் என்ற 3, ஐம்பது முதல் தொண்ணூற்றைந்து சதவீதம் வரை விரிந்தது. ஒருவர் மாதக்கணக்கில் பாடுபட்டுத் தொண்ணூறிலிருந்து அறுபதுக்கு வந்தாலும் தாளில் அதே 3-தான் நிற்கும். 'மாற்றமில்லை' என்று சிகிச்சையை நிறுத்த அந்த எண்ணைச் சான்றாக்கிவிடாதீர்கள். அன்றாடச் செயல்களை அளக்கும் பார்தெல், உடல் சமநிலையை அளக்கும் பெர்க் போன்ற அளவுகோல்கள் நுட்பமான முன்னேற்றத்தைக் காட்ட உடனிருக்கட்டும்.

மறுவாழ்வுக்கென்று சுருக்கிய முப்பது வகைகளின் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அதில் சூழல் காரணிகள் இல்லை. எங்கள் நோயாளிகளுக்குத் தேவையான சிலவற்றைச் சேர்க்க அனுமதியுங்கள். ஒரே செய்தியை இரண்டாம் முறை கேட்கும் தாள்களை அகற்றுங்கள். வாரம் ஒரு மணி நேரம், குழு முழுவதும் நோயாளியோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து எண்களைத் தீர்மானிக்க, பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். 2-ஆ 3-ஆ என்று நாங்கள் வாதிடுவோம். அந்த வாதத்தில்தான் வீட்டுப் படி வெளியே வரும்.

உத்தரவு அச்சாகும் முன், எந்த மறுவாழ்வுக் குழுவையாவது ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்