நான்காம் நம்பர் டேபிளிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போன் செய்தீர்கள். பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பக்கென்றது. ஞாயிறு ஒன்றரைக்கு ஹோட்டல்காரன் போன் பேசுகிறான் என்றால் கடை காலி என்று அர்த்தம், இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். "ரெண்டு டேபிள்தான்டா ஓடுது. பார்சல் போகுது, ஹால் காலி. பசங்க எல்லாம் ஃபேனுக்கு அடியில நிக்கிறானுங்க. ருசி மாறிடுச்சா, உண்மையச் சொல்லு" என்றீர்கள். நான் வெயில், பரீட்சை நேரம் என்று ஏதோ மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இதைப் பொதுவில் எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். ஹோட்டல் பெயரைப் போடாமல் எழுது, நாலு பேர் படித்தால்தான் அவர் காதில் ஏறும் என்றார். அவரே உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். அதனால் அத்தை, அவருக்குக் கோபம் வரும் இடங்களில் நிறுத்தி ஒரு காபி கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை ராத்திரி, மாமா கடைக்குப் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பினேன். வடபழனி சிக்னலைத் தாண்டவே கால் மணி நேரம். உங்கள் வாசலில் பைக்குகள் இரண்டு வரிசையாக நின்றன. காரை நிறுத்த இடம் தேடிக் கோயில் பக்கத்துச் சந்துகளில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். "ஆர்டர் பண்ணிடலாம்ப்பா" என்றாள் மகள். வண்டியைத் திருப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து வரவழைத்தது எந்தக் கடையிலிருந்து தெரியுமா? உங்கள் கடையிலிருந்துதான். உங்கள் மாஸ்டர் ஊற்றிய மசால் தோசை பெட்டிக்குள் வேர்த்துப் போய், மடித்த ஈரத்துண்டு மாதிரி வந்தது. சாம்பார் மட்டும் அப்படியே இருந்தது. ருசி மாறவில்லை மாமா. உங்கள் கேள்விக்கு அதுதான் பதில், ஆனால் அந்தப் பதிலால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆற்காடு ரோட்டில் கடை வைத்திருக்கும் யாருக்கும் கடந்த சில வருடக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கோவிட் ஒரு பக்கம் கடையை மூட வைத்தது. அது அடங்குவதற்குள் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வந்தது. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், அதில் ஒன்று கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பி உங்கள் ரோடு வழியாகப் பூந்தமல்லி போகிறது. ரோட்டின் நடுவே தடுப்பு, இரண்டு பக்கமும் ஒரு வண்டி நுழையும் அகலம். வேலை முடிந்தால் கூட்டம் திரும்பும் என்று காத்திருந்தீர்கள். ஆனால் அத்தனை மாதங்கள் வராமல் இருந்தவர்கள் அதற்குள் வேறு பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். ரோடு திறந்தால் வண்டி திரும்பும், பழக்கம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. பழைய மகாபலிபுரம் சாலையில் நான் கணக்குப் பார்க்கும் கடை ஒன்றிலும் இதே கதைதான். ஐ.டி. ஆட்கள் வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீசுக்கு வருகிறார்கள் என்பதால் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் மத்தியானச் சாப்பாடு ஓடுகிறது. வாடகையும் சம்பளமும் ஏழு நாளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருப்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன மாதம் நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவைக் கோயிலுக்கு அழைத்து வந்தேன். தரிசனம் முடிந்து ஏழு மணிக்குக் கடைக்கு வந்தோம். நான்காம் நம்பர் டேபிள், பழைய கடிகாரத்துக்குக் கீழே. ஒரு நெய் ரோஸ்ட், ஒரு செட் பூரி, இரண்டு காபி. ஹாலில் எங்களோடு சேர்த்து ஐந்து டேபிளில் ஆள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பனியன் போட்ட டெலிவரி பையன்கள் ஏழெட்டுப் பேர். பில் மெஷின் கிர் கிர் என்று துப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிர்ருக்கும் ஒரு சப்ளையர் உள்ளே ஓடுகிறான், பெட்டியோடு வருகிறான், எங்களைத் தாண்டிக் கல்லாவுக்குப் போகிறான். எங்கள் டேபிளில் இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் இருந்தது. இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், மறைக்காமல் சொன்னான்: "ஆன்லைன் ஆர்டர் சார், லேட்டானா ரேட்டிங் போயிடும்."

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நேரில் வந்து உட்கார்ந்திருக்கும் எங்களிடம் ரேட்டிங் இல்லையே. பூரி வந்தபோது உப்பல் இறங்கி அப்பளமாகக் கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். வெளியே வந்ததும், "தம்பி கடையில நம்மள யாருன்னே கேக்கலையேடா" என்றார். அவர் எதிர்பார்த்தது முதலாளியின் அக்கா என்ற மரியாதை இல்லை மாமா. நிமிர்ந்து பார்த்து "வாங்கம்மா" என்று ஒரு வார்த்தை.

முன்பு உங்களிடம் இருந்த திருநெல்வேலிக்காரப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். டேபிள் பக்கம் வந்து நின்று, "இட்லி வடை பொங்கல் பூரி சாதா மசால் ரவா ஆனியன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும், யாருக்கு என்ன என்று. சட்னி அதிகம் கேட்பவர் கேட்பதற்கு முன்பே வாளியோடு வந்து நிற்பார். இப்போது இருக்கும் ஒடிசா, அசாம் பையன்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் அவர்களைப் பேச விடாமல் டேபிளில் க்யூஆர் கோடு ஒட்டியது நாம்தான். கண்ணாடி மறந்து வந்த அம்மாவுக்கு அந்தக் கட்டத்தில் என்ன தெரியும்?

சரி, அந்த ஆன்லைன் ஆர்டரால் லாபமாவது வருகிறதா? உங்கள் போன மாத ஸ்டேட்மென்டை எடுத்து ஒரே ஒரு தோசையைப் பிரித்துப் பார்த்தேன். டேபிளில் மசால் தோசை 110 ரூபாய். செயலியில் 140 என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் லாபம் என்று நினைக்கிறீர்கள். அதில் 20 சதவீதம் ஆஃபர், அது உங்கள் கணக்கில். மிச்சம் 112. அதில் 25 சதவீதம் கமிஷன், 28 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 5 ரூபாய். பெட்டி, சட்னி சாம்பார் டப்பா, பை எல்லாம் 9 ரூபாய். கடைசியில் உங்கள் கைக்கு வருவது 70. டேபிளில் உட்கார்ந்து 110 கொடுப்பவனைக் காக்க வைத்து, 70 ரூபாய் தோசையை ஓடி ஓடிக் கட்டுகிறோம். எங்கள் வீட்டில் அன்று டெலிவரிக் கட்டணம், பிளாட்ஃபாரம் ஃபீஸ் எல்லாம் தனியாகக் கட்டினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தின்றவனுக்கும் நஷ்டம், சுட்டவனுக்கும் நஷ்டம்.

செயலிகளைத் திட்டி எழுதுவது சுலபம். கமிஷனையும் தள்ளுபடியையும் பற்றி உணவகச் சங்கம் போட்ட புகாரை ஏற்று, 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் சொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின் மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அது அதன் வழியில் போகட்டும். ஆனால் ரேட்டிங்குக்குப் பயந்து அடுப்பின் வரிசையை மாற்றியது எந்தச் செயலியும் இல்லை, நாம்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஹால் இருந்ததால் 18 சதவீதம் போட்டோம். பில்லைப் பார்த்துச் சண்டை போடாத ஆள் இல்லை. நவம்பரில் அதை 5 ஆக்கியதும் ஸ்டாஃபுக்கெல்லாம் கேசரி கொடுத்தீர்கள். கூடவே உள்ளீட்டு வரியை, அதாவது வாடகைக்கும் சாமானுக்கும் நாம் கட்டும் ஜிஎஸ்டியை, நம் வரியில் கழிக்க முடியாது என்று ஆனதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். இன்று கீழ்த்தளமும் மாடி ஏசி ஹாலும் சேர்த்து வாடகை 2 லட்சம், அதற்கு ஜிஎஸ்டி 36,000. அந்த 36,000-ல் ஒரு ரூபாய் திரும்பாது. ஒரு தோசையில் எல்லாம் போக 20 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், அந்த வரிக்கு மட்டும் மாதம் 1,800 தோசை ஊற்ற வேண்டும். மாடி ஹாலில் போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எத்தனை பேர் இருந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஹால் நிரம்பாததால்தான் விலையை ஏற்றினோம். விலையை ஏற்றியதால் அந்த ஹால் நிரம்பவில்லை. எது முதல், எது அடுத்தது என்று கணக்கு எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை. நாலு இட்லிக்கு வருபவன் கையேந்தி பவனுக்குப் போகிறான். பிறந்த நாளுக்குச் செலவு செய்பவன் மாலுக்குப் போகிறான். நடுவில் நிற்கிறோம்.

உங்களோடு சின்ன வயதில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் போனது ஞாபகம் இருக்கிறதா? உங்களிடம் கார் கிடையாது, பஜாஜ் ஸ்கூட்டர்தான். ஆனாலும் கதீட்ரல் ரோட்டில் அந்த மரங்களுக்கு நடுவே நுழையும்போது எனக்கு ராஜா மாதிரி இருக்கும். கார் ஜன்னலில் தட்டை மாட்டி வைத்துச் சாப்பிடுவார்கள். மருந்துக் கம்பெனி ரெப்கள் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். 1962-ல் ஆரம்பித்தது, 2008-ல் மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. அங்கே சாப்பிட்ட தோசை எப்படி இருந்தது என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை மாமா. உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

மரத்தடி இனி கிடைக்காது, அது வேறு காலம். மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸைப் பாருங்கள். சின்ன இடம், விரல் விட்டு எண்ணக்கூடிய பண்டங்கள். இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. ஜனங்கள் சந்தில் நின்று காத்திருந்து சாப்பிடுகிறார்கள். ஊரில் ஹோட்டலுக்குப் போகும் ஆசை செத்துவிட்டது என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். நம் மெனுவில் 200-க்கு மேல் இருக்கிறது. கோபி மஞ்சூரியனும் பனீர் டிக்காவும் யார் கேட்டார்கள்? யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நாமே போட்டோம். கேட்டவனுக்கு "இன்னிக்கு இல்ல சார்" என்கிறோம்.

அப்புறம், "இங்கு அரசியல் பேசாதீர்" போர்டை எடுத்துவிடலாம். பேச ஆளே இல்லாதபோது அது எதற்கு?

மாடி ஹாலைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி வீட்டு ஓனரிடம் பேச நான் வருகிறேன். கொடுத்த அட்வான்ஸில் மாடிக்கு உண்டானதை வாங்க வேண்டும், அதற்கு உங்கள் கோபம் உதவாது. மெனுவைக் குறைப்பதை மாஸ்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கரண்டியோடு வருவார். இவை மெதுவாக ஆகட்டும்.

ஒன்று மட்டும் இந்த வாரமே செய்யலாம். வருகிற முகூர்த்த நாளில் கோயிலில் வழக்கம்போலக் கல்யாணங்கள் இருக்கும். தாலி கட்டி முடித்துப் பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு கூட்டம் ஏழு மணிக்கு ரோட்டில் டிபன் தேடும். அன்று காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை ஆன்லைன் ஆர்டர் வாங்கும் டேப்லெட்டை ஆஃப்லைனில் போட்டுவிடுங்கள். மூன்று மணி நேரம், அவ்வளவுதான். அடுப்பு முழுக்க ஹாலுக்கு. பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம் பேசிவிட்டேன், அன்று அங்கே விசேஷம் இல்லையாம், பத்துக் கார் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவருக்கு ஒரு பொங்கல் வடை அனுப்பினால் போதும்.

கல்லாவில் நான் உட்காருகிறேன். நீங்கள் பழைய மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஹாலில் நில்லுங்கள். அம்மாவும் வருகிறார். நான்காம் நம்பர் டேபிள்தான் வேண்டுமாம், பூரி கேட்பார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்