பாப்பாவுக்கு, கிணத்து நோட்டு பத்தி

பாப்பா,

நல்லா இருக்கியாடா. பங்குனி உத்திரத்துக்கும் வரல, சித்திரை ஒண்ணாம் தேதிக்கும் போன் இல்ல, வேலையா இருப்பேன்னு உங்கம்மாகிட்ட நானே சொல்லி வச்சிருக்கேன். நேரத்துக்கு சாப்புடு. வெயில்ல காட்டுல அலையுறப்ப தலைக்கு துண்டு போட்டுக்கோ, தண்ணி பாட்டில மறக்காத.

மார்ச் 22 கிராம சபையில சீமைக்கருவைய வெட்டுறது பத்திப் பேசுறப்ப நடந்தத மனசுல வச்சுக்காத. கருவைக்கு வக்காலத்து வாங்க வந்துருச்சுன்னு யாரோ ஒருத்தர் சொன்னா அது ஊரு சொன்னதா ஆயிராது. நீ என்ன கருவை வேணும்னா சொன்ன? தூரோட பிடுங்கணும், மேல மட்டும் வெட்டுனா ஒண்ணுக்கு அஞ்சா துளுக்கும், மொதல்ல கண்மாய்க்குள்ளயும் வரத்துக்கால்லயும் எடுங்க, அடுத்த மூணு வருஷமும் கன்னு முளைக்க முளைக்க பிடுங்குங்க, நாரை கூடு கட்டியிருக்க மரத்த குஞ்சு பறக்குற வரைக்கும் விடுங்கன்னுதான சொன்ன. அதுல என்ன தப்பு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவை சரணாலயம் ரெண்டும் 2022ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சே, அங்க பறவை கூடு கட்டுறது சீமைக்கருவையிலயும்தான்னு நீ சொன்னப்ப பின்னாடி உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் தலைய ஆட்டுனத நான் பாத்தேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு, ஊர்ல பேசுறப்ப கொஞ்சம் இறங்கிப் பேசணும். காத்துல உள்ள ஈரத்த இது உறிஞ்சுது, மழைய தடுக்குதுன்னு வாட்ஸ்அப்ல வந்தத பத்து வருஷமா நம்பிக்கிட்டு இருக்க ஆளுககிட்ட போயி, அதுக்கு ஆதாரம் இல்லன்னு ஒரே போடா போட்டா யாரு ஒத்துக்குவா. நானே ஒத்துக்கல. 2017ல மதுரை ஹைகோர்ட்டு வெட்டச் சொன்னப்ப ஜேசிபிக்கு முன்னாடி துண்டக் கட்டிக்கிட்டு நின்னவன் நான். மழை பொய்ச்ச வருஷம், கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு, வண்டி உள்ள இறங்க தோதா இருந்துச்சு. சில மாசத்துல ஸ்டே வந்துருச்சு, ஆனா அதுக்குள்ள கண்மாய்த் தண்ணி வழியுற கலுங்கு பக்கம் இருந்த உங்க தாத்தா வச்ச நாட்டுக்கருவை ரெண்டும் சேந்து போச்சு. மஞ்சக் குஞ்சமா பூத்துக் கிடக்குமே, நெத்து பாசிமணி கோத்த மாதிரி இருக்குமே. ஜேசிபிக்காரனுக்கு எல்லாம் முள்ளு மரம்தான். வெட்டுன எடத்துல அடுத்த மழைக்கே சீமைக்கருவை முன்னவிட அடர்த்தியா வந்துச்சு, ஆட்டுப் புழுக்கையில எல்லாம் விதை கெடக்குறப்ப வராம என்ன செய்யும்.

அந்த சீமைக்கருவைதான் உன் ஹாஸ்டல் பீஸையும் கட்டுச்சு. நம்ம புஞ்சையில மூட்டம் போட்டு எத்தன மூட்டை கரி ஏத்தி விட்டோம். அதனால நல்லதா கெட்டதான்னு ஒத்த வார்த்தையில கேட்டா சொல்ல முடியாதுப்பான்னு நீ சொன்னப்ப எனக்கு முழுசா புரியலேன்னாலும் பொய்யில்லன்னு தெரிஞ்சுச்சு. உன் படிப்புக்கு ஈகாலஜின்னு பேரு வச்சது 1866ல ஹேக்கல்னு ஒரு ஜெர்மன்காரர், வீடுங்கிற கிரேக்க வார்த்தையில இருந்து எடுத்தாருன்னு சொல்லிக் குடுத்தியே. வீட்டுல யாரு யாரோட எப்படி இருக்காங்கன்னு பாக்குற மாதிரி, மரத்துக்கும் ஆட்டுக்கும் மண்ணுக்கும் தண்ணிக்கும் உள்ள உறவப் பாக்குறது, சண்டை போடுறதுக்கு முன்னாடி அளந்து பாக்குறதுன்னு. இத டீக்கடையில நாலு பேருகிட்ட நானே சொல்லியிருக்கேன், எம்பொண்ணு சொன்னான்னு. சாப்பாட்ட மட்டும் விட்டுறாத. போன எடு.

பாப்பா, எழுத வந்தது வேற. அன்னைக்கு கூட்டத்துல நீ என் நோட்டத் தூக்கிக் காட்டுன. எங்கப்பா வாராவாரம் ரெண்டு கிணத்துலயும் கயிறு விட்டு அளந்தது, வெட்டுன பக்கம் ஒண்ணு வெட்டாத பக்கம் ஒண்ணு, ரெண்டு கிணறு பத்தாது, இன்னும் நாலஞ்சு வருஷம் அளந்தாத்தான் தண்ணி மட்டம் ஏறுதா இல்லையான்னு சொல்ல முடியும்னு நீ சொன்ன. எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஊருக்கு பயந்து அப்பா வாயத் திறக்கலன்னு நினைச்சுத்தான ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிப் போன. அது இல்லடா.

ஆவணி மூணாவது வாரத்துல இருந்து ஐப்பசி கடைசி வரைக்கும் நோட்டுல இருக்குறது நான் திண்ணையில உக்காந்து எழுதுனது. கிணத்துக்குப் போற வழியில கருவை முள்ளு செருப்பத் துளைச்சுக்கிட்டு குதிங்கால்ல ஏறிருச்சு, பாதி உள்ள முறிஞ்சு போச்சு, சுகர் இருக்குல்ல, சீழ் வச்சுருச்சு. ஆஸ்பத்திரியில கீறி எடுத்து கட்டுப் போட்டாங்க. உனக்குச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவேன்னு உங்கம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். போன வாரம் எழுதுனதப் பாத்து ஒரு சாணு கூட்டி, அரை சாணு குறைச்சு, வரிசையா இருக்குற மாதிரி எழுதுனேன். பாப்பா கேட்டத செய்யாம விட்டுட்டோம்னு தெரியக்கூடாதுன்னு. வெறும் நம்பர்தானன்னு நினைச்சேன். அத நீ ஊருக்கு முன்னாடி தூக்கிக் காட்டுவேன்னு நினைக்கல.

பதினோரு வாரம், ரெண்டு கிணத்துக்கும் சேத்து 22 அளவு. அதுல எல்லாத்துலயும் செவப்பு மையில கோடு போட்டு வச்சிருக்கேன், நீ வச்சிருக்க நகல்லயும் அடிச்சுரு. உன் பெரிய சார்கிட்ட ஏற்கனவே குடுத்திருந்தா என் பேரச் சொல்லியே சொல்லிரு, உன் மேல வரக்கூடாது. மே ஒண்ணு கிராம சபையில நானே எந்திரிச்சு சொல்லிர்றேன்.

கால் இப்ப ஆறிருச்சு, கவலப்படாத. கலுங்குகிட்ட நாட்டுக்கருவை கன்னு ஒண்ணு தானா வந்திருக்கு, முழங்கால் உசரம், ஆடு கடிக்காம சீமைக்கருவை முள்ளையே வெட்டி சுத்தி அடைச்சு வச்சிருக்கேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை பொழுது விடிய போயி அளந்தேன். வெட்டுன பக்கம் கிணறு கயித்துல 14 முடிச்சுக்கு ஒரு சாணு கம்மி. வெட்டாத பக்கம் 14 முடிச்சு, கல்லு தண்ணியத் தொட்ட சத்தம் கேட்டுச்சு, ரெண்டு தடவ விட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்.

அப்பா