மூத்த ஆட்டக்காரர்களைக் கழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பது வயதைக் கடந்தவர்களை விடுவித்து இளைஞர்களைக் கொண்டே ஆஸ்திரேலிய கால்பந்து அணிகளைக் கட்ட வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஆஸ்திரேலிய கால்பந்து லீக்கின் (ஏ.எஃப்.எல்.) 2022 இறுதி ஆட்டத்தில் சிட்னியை 81 புள்ளிகள் வித்தியாசத்தில் வீழ்த்திய ஜீலாங், அதுவரையிலான லீக் வரலாற்றிலேயே சராசரி வயது மிகுந்த அணி. அன்று ஆட்ட நாயகனாகத் தேர்வான ஐசக் ஸ்மித்துக்கு வயது 33. மாறாக, தேர்ந்தெடுத்த பதின்ம வயதுத் திறமைகளை நம்பிக் களமிறங்கிய புதிய அணிகளுள் கோல்டு கோஸ்ட் 2011இல் 3 ஆட்டங்களிலும், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி 2012இல் 2 ஆட்டங்களிலும் மட்டுமே வென்று கடைசி இடம் பிடித்தன. அந்த இளைஞர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, வழிநடத்தப் போதிய மூத்தவர்கள்தாம் இல்லை.

எங்கள் புறநகர் கழகத்தின் ஆட்டங்களில் தண்ணீர் கொண்டு ஓடும் தொண்டன் என்ற முறையில் இதை அருகிலிருந்தே காண்கிறேன்: கடைசிக் கால் பகுதியில் களைத்துப்போய்ப் பந்தின் பின்னால் ஓடும் பையனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "அங்கே போகாதே, பந்து இங்கேதான் வரும்" என்று இடம் காட்டுபவர் எப்போதும் ஒரு மூத்த தடுப்பாட்டக்காரரே. 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் இளம் அணியாகவே கோப்பையை வென்றது உண்மைதான். ஆனால் அத்தகைய வெற்றி அரிது. எனவே, அணிப் பட்டியலை வெளியிடும்போது வயதுடன் ஒவ்வொருவரும் ஆடிய மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கையையும் தாங்கள் அச்சிட்டால், வாசகர்கள் அணியின் பலத்தைச் சரியாக எடைபோட முடியும்.

ஒரு வாசகர்,
மெல்பர்ன்