பெட்டிகளைச் சோதித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் கடந்த மாதம் நீங்கள் நடத்திய, வரைபடத்தைப் பார்த்துக் கொடிகளை வரிசையாகத் தேடி ஓடும் ஓரியண்டீரிங் போட்டியன்று, ஓட்டக்காரர் எந்தக் கொடியை எப்போது தொட்டார் என்று முடிவுக்கோட்டுக்குச் சொல்ல எங்கள் இளைஞர்கள் செய்து கொண்டுவந்த நேர அறிவிப்புப் பெட்டிகளைச் சொந்தத் தயாரிப்பு என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். இன்றுவரை எங்கள் கடிதத்துக்கு ஒரு வரி பதிலும் வராததால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நான்காவது கொடியைத் தாண்டியபின் கால் பிசகிக் கால்வாய் ஓரத்தில் விழுந்து கிடந்தாள். அவள் எந்தக் கொடிவரை போனாள் என்று முடிவுக்கோட்டில் இருந்த எவருக்கும் தெரியவில்லை. தேடப் போனவர்கள் முதல் கொடியிலிருந்தே நிரை நிரையாகப் பார்த்துக்கொண்டு போனதால், அவளைக் கண்டுபிடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. இடையில் மழையும் பிடித்துக்கொண்டது. "கடைசியா எங்க போனாள்னு மட்டும் சொல்லுங்கய்யா" என்று அவள் தாயார் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதற்குப் பதில் சொல்லியிருக்கக்கூடிய மூன்று பெட்டிகளும் என் காரின் பின்பக்கத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்று நான்காவது கொடிக்கென்றே நாங்கள் ஒதுக்கியது.

ஓட்டக்காரர் விரலில் மாட்டிய சில்லைக் கொடியருகே உள்ள நிலையத்தில் பதித்ததும், அந்த நிலையம் சில்லின் எண்ணையும் நேரத்தையும் குறுந்தூர அலையில் வெளியிடுகிறது. அது சில மீட்டருக்கு மேல் எட்டாது. எங்கள் பெட்டி அதைப் பிடித்து, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா என்ற வானொலி முறையில் முடிவுக்கோட்டுக்கு அனுப்புகிறது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மழையில் நனைந்த செம்பனை மட்டைகள் பெரிதும் உறிஞ்சிவிடும் என்பதால், அதைவிடத் தாழ்ந்த அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தோம். ஐரோப்பாவில் வழக்கமான 868 மெகாஹெர்ட்ஸை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் மலேசியாவில் இத்தகைய குறைந்த திறன் வானொலிக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸுக்குள் அமைத்திருக்கிறோம். ஓட்டக்காரரின் நேரம் சில்லிலேயே பதிவாகியிருக்கிறது. பெட்டி அனுப்புவது அதன் நகல். பெட்டியில் மின்கலம் தீர்ந்துபோனாலும் யாருடைய முடிவும் ஒரு நொடிகூட மாறாது.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றே: போட்டிக்கு ஒரு வாரம் முன்பாகப் பெட்டிகளைச் சோதித்து, அனுமதி உண்டா இல்லையா என்று எழுத்தில் தாருங்கள். குறை இருந்தால் இன்ன குறை என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். விலை கொடுத்து வாங்கிய கருவியை நீங்கள் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, லயத்து வீட்டு மேசையில் இரவில் உட்கார்ந்து பற்றவைத்த பிள்ளைகளின் கருவியை மட்டும் தொட்டுப் பார்க்காமலே தள்ளிவிட்டீர்கள். தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சி மேடைகளில் அறிவியலில் முன்னேறுங்கள் என்று இதே பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று நீங்கள் சொன்னால், மூன்று பெட்டிகளையும் தோட்டத்துக்கே கொண்டுவந்து உங்கள் கண்முன் இயக்கிக் காட்டுகிறோம். அந்த மாணவி அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்குள் சோதித்து, எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டிகள் செய்த இளைஞர்களுக்குத் துணைநிற்கும் ஒரு தோட்டத்துவாசி