சுவரோரத்தில் அடக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஆயர் ஆண்டகைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் ஆண்டகைக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

இந்த நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள் மாலையில், எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் பூசை முடிந்தபின் பங்குத்தந்தை வரிசை வரிசையாகக் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்தார். கிழக்குச் சுவரோரத்தில் நானும் என் மனைவியும் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கடைசி வரிசை வரை வந்தவர், எங்களுக்குப் பத்தடி முன்பாகத் தீர்த்தச் செம்பைக் கோவில் பணியாளரான கோவில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். மறந்துவிட்டாரோ என்று கோவில்பிள்ளையிடம் கேட்டேன். "அங்கெல்லாம் மந்திரிக்கிற வழக்கம் இல்லை" என்று தலையைக் குனிந்தபடி சொன்னார்.

அந்தச் சுவரோரத்தில் யார் கிடக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளை அங்கே அடக்குவது எங்கள் ஊரில் பாட்டன் காலத்துப் பழக்கம். சென்ற ஆண்டு என் மகளும் அங்கே போனாள். 28ஆம் வாரத்திலேயே பிறந்து, 11 மணி நேரம் உயிரோடு இருந்தவள் அவள். ஊரில் யார் இறந்தாலும் கோவிலில் துக்க மணி அடிப்பார்கள். அந்த மணியைக் கேட்டுத்தான் கடையை மூடிவிட்டு ஆட்கள் வருவார்கள். என் மகளுக்கு மணி அடிக்கவில்லை. பூசை இல்லை, செபம் இல்லை, பங்கின் இறப்புப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி நானே கையில் தூக்கிச் சென்றேன். குழி வெட்டியவர் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓர் "அருள் நிறைந்த மரியே" சொன்னார். அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

அன்று இரவு என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது?" என் அம்மா, தான் சிறுவயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்திலிருந்து பதில் சொன்னார். பிறப்போடு வரும் ஜென்மப் பாவம் ஞானஸ்நானத்தால் கழுவப்படாத பிள்ளைகள் லிம்போவுக்குப் போகும், அங்கே நெருப்பு இல்லை, வலி இல்லை, ஆனால் ஆண்டவரின் முகத்தை மட்டும் பார்க்க முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்டபின் பல நாட்கள் என் மனைவி யாரிடமும் பேசவில்லை. தான் சாகும்போதும் மகளைப் பார்க்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆண்டகையே, அதன் பிறகே நான் தேடிப் படித்தேன். இத்தகைய குழந்தைகளுக்கு மிக இலேசான தண்டனையாவது உண்டு என்று புனித அகுஸ்தினார் எண்ணினார். துன்பம் இல்லை, ஆனால் இறைக்காட்சியும் இல்லை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் எண்ணினார். லிம்போ என்பது இறையியலாளர்களின் கருத்தாக நூற்றாண்டுகள் போதிக்கப்பட்டதே தவிர, திருச்சபை அதை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கவில்லை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தன் 1261ஆம் எண்ணில் லிம்போவின் பெயரைக்கூடச் சொல்லாமல், இக்குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றும், அவர்களுக்கான அடக்கச் சடங்கில் அதைத்தான் செய்கிறது என்றும் கூறுகிறது. "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்ற ஆண்டவரின் சொல்லையும் அங்கேயே எடுத்துக்காட்டுகிறது. 2007 ஏப்ரலில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட அறிக்கையும், இவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்றது. அது உறுதியான அறிவு அல்ல, எதிர்நோக்கு மட்டுமே என்று அந்த அறிக்கை சொல்வதையும் நான் மறைக்கவில்லை. நான் கேட்பதும் அந்த எதிர்நோக்கைத்தான். அது என் மனைவியின் காதில் ஒரு குருவின் வாயிலிருந்து விழவில்லை.

சட்டமும் தடையாக இல்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கத்தை மறுத்தது உண்மை. ஆனால் 1983இல் வந்த சட்டத் தொகுப்பின் 1183ஆம் சட்டம், 2ஆம் பிரிவு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குமுன் குழந்தை இறந்துவிட்டால், மறைமாவட்டத் தலைமையின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்கிறது. அனுமதி தங்கள் கையில் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு அரசு மருத்துவமனையின் வாசலில் பிள்ளையை வாங்கிக்கொண்டு நிற்கும் தகப்பன், ஆயர் இல்லத்துக்கு எந்த வழியாக மனுப் போடுவான்? இப்படி ஒரு சட்டம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பங்குத்தந்தை சொன்னால்தான் உண்டு. ஆகவே, இக்குழந்தைகள் அனைவருக்கும் அடக்கச் சடங்கு நடத்த எல்லாப் பங்குகளுக்கும் முன்கூட்டியே பொது அனுமதி வழங்கி, தாங்கள் ஒரு சுற்றுமடல் அனுப்ப வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த 11 மணி நேரத்தில் ஒருமுறை என்னை உள்ளே விட்டார்கள். கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை நுழைத்து அவளுடைய பாதத்தைத் தொட்டேன். என் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய குதிகால். என் இடது கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மரண ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதும், உரிய எண்ணம் இருந்தால் பிற மதத்துச் செவிலியர்கூடக் கொடுக்கலாம் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். திருமணத் தயாரிப்பு வகுப்பும் முடித்தவன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத ஒன்றைச் செய்யவில்லை என்பதற்காக என் பிள்ளையைச் சுவரோரத்துக்கு அனுப்பியது எந்த நியாயம்?

தலைக்கட்டு வரி ஒரு ஆண்டு பாக்கி விழுந்தால் பலிபீடத்திலிருந்து பெயரை வாசிக்கத் தெரிகிறது. கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே பளிங்குக் கல்லறைக்கு இடம் ஒதுக்கப் பங்குப்பேரவை இரவு பத்து மணி வரை கூடிப் பேசுகிறது. மோட்சம் போகுமுன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக நவம்பர் முழுவதும் பூசைக் கருத்துகள், அதாவது இன்னாருக்காகப் பூசை வைக்கச் சொல்லும் விண்ணப்பங்கள், வாங்குகிறோம். பாவமே செய்யாத இந்தக் குழந்தைகளுக்காக ஒரு பூசைக் கருத்து கொடுக்கப் போனபோது, என்ன எழுதுவது என்று தெரியாமல் அலுவலகத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். எங்கள் பங்குத்தந்தைமீது எனக்குப் பகை இல்லை. தமக்கு முன்பிருந்தவர்கள் செய்ததை அவரும் செய்தார். அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. இயேசு பிறந்த காலத்தில் ஏரோது மன்னனின் வாளுக்குப் பலியான பெத்லகேம் குழந்தைகள் ஒருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லர். அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடி அன்று பூசை வைக்கிறோம். அந்த நாளுக்குள் சுற்றுமடல் வந்துவிட்டால், இக்குழந்தைகளுக்கும் மணி அடிக்கவும், அடக்கச் செபம் சொல்லவும், பதிவேட்டில் பெயர் எழுதவும் பங்குத்தந்தையர்க்கு வழி பிறக்கும். அன்று மாலை யாராவது ஒரு குரு தீர்த்தச் செம்போடு எங்கள் கிழக்குச் சுவர் வரை வர வேண்டும் என்றும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நானும் என் மனைவியும் அங்கே இருப்போம்.

தங்கள் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தகப்பன்