வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் மனநலம் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் உங்கள் கைக்கு வரும் இவ்வேளையில், 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி எழுதுகிறேன். சோறும் துணியும் செலவுக்குப் பணமும் குறைவின்றிக் கிடைக்கும் வீட்டிலும் ஒரு பிள்ளை கவனிப்பாரின்றி வளரக்கூடும் என்பதையும், அப்படி வளர்வது அந்தப் பிள்ளையின் மனத்தை நோயுறச் செய்யும் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

உங்கள் உழைப்பை நான் அறிவேன். பனியன் கம்பெனிக்குக் காலை 8.30 மணிக்குச் செல்லும் தாய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 8.30 மணிக்குப் பிறகே வீடு திரும்புகிறார். தறிக்குடோனில் இரவு ஷிப்ட் ஓட்டும் தந்தை பகலில் உறங்குகிறார். லாரியிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலோ வடமாநிலம் சென்றவர் வீடு வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. முன்பு தோட்டத்து வீட்டில் அப்பத்தாளோ அம்மாயியோ இருந்து பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டுகொண்டார்கள். லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்தத் துணையும் இல்லை. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்தைத் தாமே போட்டுக்கொண்டு வரும் மாணவர்களை அழைத்து விசாரித்தால், அப்பா வரும்போது தாம் உறங்கிவிடுவதாகவும், தாம் எழும்போது அவர் உறங்குவதாகவும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை.

10 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆத்திரத்தை அடக்கிப் பின்விளைவை எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்பகுதி, 20 வயதைக் கடந்த பின்னும் முழுமை பெற்றுக்கொண்டே இருக்கிறது. அதுவரை அந்த வேலையில் ஒரு பங்கை அருகில் இருக்கும் பெரியவர்தான் செய்துதர வேண்டும். கேட்கவும் தேற்றவும் ஆளில்லாமல் ஆண்டுகள் கழியும்போது, ‘கேட்கும் அளவுக்கு நான் முக்கியமில்லை’ என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1990-களில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றில், அடி உதையைப் போலவே மனத்தளவிலான புறக்கணிப்பும் குழந்தைப் பருவத் துன்பமாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. அத்தகைய துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் கூடுவதை அந்த ஆய்வு காட்டியது.

வகுப்பில் எதிர்த்துப் பேசுபவர்களும் சண்டையிடுபவர்களும் எப்படியும் எங்கள் கண்ணில் பட்டுவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் அமைதியான பிள்ளைகள். காலையில் சோறாக்கி, தம்பிக்குத் தலைசீவி, அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் மாணவியைப் ‘பொறுப்பான பிள்ளை’ என்று வீட்டிலும் பள்ளியிலும் பாராட்டுகிறோம். 14 வயதில் தாயின் பாரத்தைச் சுமப்பவள் தன் பாரத்தை யாரிடம் இறக்கிவைப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்பது, சோற்றை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவது, இரவு முழுவதும் செல்போனோடு விழித்திருந்து வகுப்பில் உறங்குவது, நெருங்கிய தோழிகளிடமும் பேச்சைக் குறைத்துக்கொள்வது, கையில் கீறிக்கொண்டு அதை முழுக்கைச் சட்டையால் மறைப்பது ஆகியவற்றைத் தயவுசெய்து திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டில் கிடைக்காத செவியைப் பிள்ளை வெளியே தேடும், செல்போனில் அறிமுகமாகும் முகம் தெரியாத ஒருவர் அந்தச் செவியைக் கொடுக்க எப்போதும் தயாராக இருக்கிறார்.

வசதியுள்ள வீடுகளிலும் இதே நிலையைக் காண்கிறேன். கேட்டதும் பைக்கும் விலையுயர்ந்த செல்போனும் வாங்கிக் கொடுக்கும் தந்தை, மகன் எந்தப் பாடப்பிரிவில் படிக்கிறான் என்று சொல்லத் தடுமாறுகிறார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்களால் முடியாது. நாளுக்கு அரை மணி நேரம், தொலைக்காட்சியையும் செல்போனையும் அணைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன், “ஏன் கண்ணு, மூஞ்சி வாடியிருக்குது?” என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் பதில் வராது. அதற்காகக் கேட்பதை நிறுத்திவிட வேண்டாம். சொல்லத் தொடங்கும்போது அறிவுரையால் குறுக்கிடாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். வெளியூரில் இருக்கும் தந்தையர் போனில் பேசும்போது மனைவியிடம் மட்டும் விசாரித்து வைத்துவிடாமல், பிள்ளையிடமும் தனியே பேச வேண்டும்.

சாகலாம் போலிருக்கிறது என்று உங்கள் பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் அதை மிரட்டலாக எண்ணாமல், அன்றைக்கே உடனிருங்கள், தனியே விடாதீர்கள். மருந்து, பூச்சிமருந்து போன்றவற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதில் கௌரவக் குறைவு இல்லாததைப் போல இதிலும் இல்லை.

வரும் பெற்றோர் கூட்டத்துக்குச் சித்தப்பாவையோ பக்கத்து வீட்டாரையோ அனுப்பாமல் தாயோ தந்தையோ நேரில் வாருங்கள். ஷிப்ட் விட்டு வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். நீங்கள் சொல்பவை பிற பெற்றோருக்கோ மாணவர்களுக்கோ தெரியவராது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.