எத்தனை அடைப்பு என்பதோடு இதையும் கேளுங்கள்

ஐயா,

இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ என்றதும் வீட்டார் கேட்பது எத்தனை அடைப்பு, எவ்வளவு செலவு என்பதைத்தான். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்பில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நான் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்வேன்.

குழாயைக் கை வழியாக விடுவார்களா, தொடை வழியாகவா? 1989-இலேயே கனடா மருத்துவர் லூசியன் காம்போ மணிக்கட்டுத் தமனி வழியே ஆஞ்சியோ செய்து கட்டுரை எழுதிவிட்டார். தொடை என்றால் காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும், ரத்தக்கசிவு ஆபத்தும் அதிகம். மணிக்கட்டில் பட்டையை இறுக்கியதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பவர்களே அதிகம்! அதற்காகக் கைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு நாளைக்கு டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போட அந்த ரத்தக்குழாய் தேவைப்படலாம்.

அப்புறம், ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியச் செலுத்தும் 'டை' பற்றிய கேள்வி. அயோடின் கலந்த அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் டையின் அளவைக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் சலைன் ஏற்றுவார்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மீன் ஒத்துக்கொள்ளாதவருக்கு டையும் ஆகாது என்பது வீண் பயம். மீன் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது. முன்பு டை ஏற்றியபோது உடம்பு தடித்திருந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை மில்லி டை செலுத்தினார்கள் என்பதை எல்லா மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தர வேண்டும். அடுத்த மாதமே டை ஏற்றும் சிடி ஸ்கேனுக்குப் போகிறவருக்கு அது உதவும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை